வேலி கன்னடம், விளைச்சல் யாருடையது?

2006-ஆம் ஆண்டில் ‘அசய்’ என்னும் பெயரில் ஒரு கன்னடத் திரைப்படம் வெளிவந்தது. காதலும் அடிதடியும் கலந்த படம். பெண்ணொருத்தியை வலிந்து மணக்கத் துடிக்கும் கொடியவன் ஒருவன். அவனை எதிர்க்க அஞ்சி நடுங்கும் பெண்வீட்டார். வேற்றூரிலிருந்து வந்து, அவளைக் காத்து, தன் வீட்டிற்கே அழைத்துச்சென்று மறைத்துவைக்கும் இளைஞன். பின்னர்த் துரத்தலும் மோதலும் கொடியவன் வீழ்ச்சியும். கதை இவ்வளவே.

இக்கதையைத் தமிழர் நன்கறிவர். 2004-இல் தரணி இயக்க, விசயும் திரிசாவும் நடித்து வந்த ‘கில்லி’யின் கதை இதுதான். அதற்கும் முன்னதாக 2003-இல் குணசேகர் இயக்கத்தில் மகேசு பாபு நடித்த ‘ஒக்கடு’ என்னும் தெலுங்குப் படத்தின் கதையும் இதுதான். ‘ஒக்கடு’ என்னும் தெலுங்குச் சொல்லுக்கு ‘ஒருவன்’ என்பது பொருள். அந்த ஒருவன் மூன்றாண்டுக்குள் மூவரானான்!

மூன்று படங்களிலும் கொடியவனாக நடித்தவர் ஒருவரே, அவர் பிரகாசுராசு. பெங்களூரில் பிறந்து, கன்னட நாடக மேடையில் தேர்ந்து, பாலசந்தரின் ‘டூயட்’ (1994) வாயிலாகத் தமிழ்த்திரைக்கு வந்தவர் அவர். தெலுங்குக் கொடியவனாகவும் தமிழ்க் கொடியவனாகவும் நடித்து முடித்தபின், அதே வேடத்தைச் சுமந்துகொண்டு தாம் பிறந்த மண்ணுக்கே திரும்பினார். கன்னடப் படத்தை இயக்கியவர் தெலுங்கரான மெகர் இரமேசு. தெலுங்கு மூலத்துக்கு இசையமைத்த மணிசர்மாவே இதற்கும் இசையமைத்தார். கதைத்தலைவியாக நடித்த அனுராதா மேத்தா, ‘ஆர்யா’ (2004) என்னும் தெலுங்குப் படத்தால் அறியப்பட்டவர்.

அப்படியானால் இப்படத்தில் கன்னடம் என்பது எது? கதைத்தலைவராக நடித்த புனித் இராசகுமார் கன்னடர். உரையாடல் கன்னடம். பாட்டின் சொற்கள் கன்னடம். கதையும் காட்சியமைப்பும் கதைமாந்தரின் இயல்பும் வேற்று நாட்டுச் சரக்கு. வாய் கன்னடம், வயிறு தெலுங்கு!

ஆண்டுகள் பல கழிந்த பின்னர் ஒரு வணிகப் படத்தைப் பழித்துரைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படத்தைப் பழிப்பது நம் நோக்கமும் அன்று. தம் மொழியைக் காத்துக்கொள்ளக் கன்னட மக்கள் ஒரு வேலி கட்டினர். அவ்வேலிக்குள் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் விளைந்தது என்ன என்பதே நாம் ஆராய வேண்டுவது. மொழிக்காப்பைப் பேசும் எவர்க்கும் அதில் பாடம் உண்டு.

கொள்ளுதல் குற்றமா?

பிறர் கதையை எடுத்தாள்வதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. தொல்காப்பியர் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுத்தார். வழிநூலை நால்வகையாக்கி, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வழிநூல் செய்வோன் முதனூலின் முடிபோடு ஒத்துநின்று, தான் வேண்டிய வேறுபாட்டையும் அதனுள் சேர்க்க வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. ஆகவே கொள்ளுதல் இழுக்கன்று. கொண்டவன் தன்னுடையதாக எதைச் சேர்த்தான் என்பதே உரைகல்.

கன்னடத்தின் முதற்பெரும் பாவலனான பம்பன் 10-ஆம் நூற்றாண்டில் இதைத்தான் செய்தான். பாரதக் கதையை அவன் வடமொழியிலிருந்து எடுத்தான். ஆனால், தன்னைப் புரந்த சளுக்கிய மன்னன் அரிகேசரியையே அருச்சுனனாக வைத்துப் பாடினான். வனவாசி நாட்டின் மீது தான் கொண்ட பற்றையெல்லாம் அக்காப்பியத்துள் ஊற்றினான். கதை வெளியிலிருந்து வந்தது. காற்றும் நீரும் மணமும் கன்னட நாட்டிலிருந்து வந்தன. அதனாலன்றோ ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்நூல் கன்னடர்க்கு உரியதாய் நிற்கிறது?

நம் நாயன்மார் கதைகளும் அவ்வாறே கன்னட நாடு சென்றன. அரிகரன் என்னும் வீரசிவப் பாவலன் அவற்றை ‘இரகளை’ என்னும் யாப்பில் பாடினான். கண்ணப்பன் கதை அந்நாட்டு நாடக மேடைக்குரியதாயிற்று. 1954-இல் ‘பேடர கண்ணப்ப’ என்னும் படமாகி, இராசகுமார் என்னும் பெருநடிகரைத் திரைக்குத் தந்ததும் அக்கதைதான். தமிழ்நாட்டுச் சிவனடியார் கதை கன்னடத் திரைக்கு வழிதிறந்தது கண்டு கன்னடர் நாணவேண்டியதில்லை; தமிழர் செருக்குறவும் வேண்டியதில்லை. மேடையில் பல்லாண்டு ஊறிப் பதப்பட்டு, அந்நாட்டு மக்களின் உள்ளத்துள் புகுந்த பின்னரே அது திரைக்கு வந்தது.

ஆனால் ‘ரீமேக்’ என்று ஆங்கிலப் பெயராலேயே கன்னடரும் நம்மவரும் சுட்டுகின்ற மறுவார்ப்பு வேறு. முன்னோன் செய்த அச்சு அப்படியே இருக்கும். உருக்கி ஊற்றுகின்ற மாழை மட்டும் மாறும். காட்சிக்குக் காட்சி, மெட்டுக்கு மெட்டு, அடிக்கு அடி! ‘ஒக்கடு’ கதை கர்நூல் மண்ணில் நின்றது. இராயலசீமை வறண்ட நிலம். ஊர்ப்பெருந்தலைகளின் குழுப்பகை தலைமுறை தலைமுறையாகக் குருதி சிந்திய நிலம். ஆயுதம் ஏந்திய ஆள்கட்டோடு ஒருவன் ஊரையே அச்சுறுத்துவது அங்கே கற்பனையன்று. மக்கள் கண்டது, துய்த்தது. தமிழில் வார்த்தோர் களத்தை மதுரைக்கு மாற்றி, மதுரைப் பேச்சையும் சென்னை இளைஞரின் சடுகுடு ஆட்டத்தையும் ஓரளவேனும் இயைத்துக்காட்ட முயன்றனர். மூன்றாம் வார்ப்புக்கு வரும்போது அந்தக் கர்நூல் வெயில் எங்கே? அப்பகைக்குக் கரணியமான வரலாறு எங்கே? வேரைப் பிறர் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கிளையை மட்டும் ஒடித்துவந்து நட்டால், அது எத்தனை நாள் பச்சையாக நிற்கும்?

வேலி எழுந்த வரலாறு

கன்னடத்தின் முதற் பேசும்படம் 1934-இல் வந்தது. அதற்குப்பின் நெடுங்காலம் கன்னடப் படத்தொழில் சென்னைப் படநிலையங்களையே அண்டி வாழ்ந்தது. கன்னட நாடோ பல ஆட்சிகளுக்குள் சிதறிக்கிடந்தது, 1956-இல்தான் ஒன்றாயிற்று. பெங்களூர்த் திரையரங்குகளில் தமிழ், தெலுங்கு, இந்திப் படங்கள் நிறைந்திருந்தன. கன்னடப் படம் எண்ணிச் சொல்லுமளவே வந்தது. கன்னட நடிகர்க்கு வேலையில்லை. இராசகுமார், க. வெ. ஐயர், நரசிம்மராசு, பாலகிருட்டிணர் ஆகியோர் தாமே ஒரு கலைஞர் சங்கமாகக் கூடி, 1960-இல் ‘ரணதீர கண்டீரவ’ என்னும் மைசூர் மன்னன் வரலாற்றைப் படமாக்கி வயிறு வளர்க்க நேர்ந்தது.

இந்நிலையில் பிறமொழிப் படங்களுக்குக் கன்னடக் குரலை மட்டும் பொருத்தி விற்கத் தொடங்கினால் என்னாகும்? முழுப்படம் எடுப்பதினும் அது மிக மலிவு. முளைவிட்ட தொழில் முளையிலேயே கருகும். ஆகவே 1960-களில் அ. ந. கிருட்டிணராயர், ம. இராமமூர்த்தி போன்ற எழுத்தாளர் முன்னின்று கிளர்ச்சி செய்தனர். இவ்விராமமூர்த்தியே மஞ்சளும் சிவப்புமான கன்னடக் கொடியை வகுத்தவர். இராசகுமாரும் மொழிமாற்றுக்கு எதிராக நின்றார். டப்பிங் எனப்படும் மொழிமாற்று அன்றுமுதல் கன்னடத்தில் நிறுத்தப்பட்டது. இதற்கு அரசின் சட்டம் எதுவும் இல்லை. படத்தொழிலாரின் கட்டுப்பாடும் மக்களின் உணர்ச்சியுமே அவ்வேலியைத் தாங்கின.

அன்றைய நிலையில் அது முறையான வேலியே என்பது நம் கருத்து. நலிந்த பயிருக்கு வேலி வேண்டும். அவ்வேலிக்குள் கன்னடப் படத்தொழில் சென்னையை விட்டுப் பெங்களூரில் வேரூன்றியது. கலைஞரும் கைவினைஞரும் பல்லாயிரவர் பிழைத்தனர். 1982-இல் கோகாக் அறிக்கையை நிறைவேற்றக்கோரிக் கன்னட மக்கள் கிளர்ந்தபோது இராசகுமார் ஊர் ஊராகச் சென்று முழங்க முடிந்ததும், திரைத்துறை முழுவதும் அவர்பின் திரண்டதும், அத்தொழில் தன் காலில் நின்றதனால்தான்.

வேலியின் பின்வாயில்

ஆயினும் வேலிக்கு முன்வாயிலில் காவல் வைத்தவர்கள் பின்வாயிலைத் திறந்தே விட்டனர். குரலை மாற்றி வருதல் கூடாது என்றனர். ஆளை மாற்றி வந்தால் தடையில்லை என்றனர். விளைவென்ன?

வணிகன் கணக்கு எளிது. ஆந்திரத்திலோ தமிழகத்திலோ ஒரு கதை ஓடிப் பொருளீட்டிவிட்டது. அதன் உரிமையை வாங்கினால் கதை எழுத ஆள் தேடவேண்டா. காட்சியமைத்து மூளை வருத்தவேண்டா. மெட்டும் ஆயத்தமாக இருக்கிறது. மொழிமாற்றுத் தடையால் அக்கதை கன்னடத்தில் வேறு வழியாக வர இயலாது என்பதும் உறுதி. வேலியே மறுவார்ப்பு வணிகத்துக்குக் காப்புறுதி கொடுத்தது! கன்னட எழுத்தாளனைக் காக்க எழுந்த கட்டுப்பாடு, அவனைத் தேடவேண்டாத நிலையைப் படமுதலாளிக்கு உண்டாக்கிற்று.

இதில் மற்றொரு கேடும் உண்டு. மூலப்படங்கள் தம் சொந்த மொழியிலேயே பெங்களூரில் திரையிடப்பட்டு வந்தன. அவற்றுக்குத் தடையில்லை. தெலுங்கும் தமிழும் தெரிந்த நகரத்துக் கன்னடன் மூலத்தை முன்னமே பார்த்துவிட்டான். பிறமொழி அறியாத சிற்றூர்க் கன்னடனுக்கே ஆறிய சோறு பரிமாறப்பட்டது. தாய்மொழி மட்டும் அறிந்தவன் இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? தாய்மொழியைக் காக்க எழுந்த ஏற்பாடு தாய்மொழியாளனையே கடைப்பந்திக்குத் தள்ளலாமா?

இன்னும் கொடியது பெயர் சூட்டும் வித்தை. 2004-இல் ‘வீர கன்னடிக’ என்றொரு படம் வந்தது, நடித்தவர் புனித். பெயரைக் கேட்ட அளவில் கன்னடன் நெஞ்சு விம்மும். ஆனால் அதே கதை, ஏறத்தாழ அதே காலத்தில், தெலுங்கில் ‘ஆந்திராவாலா’ என்ற பெயரோடு வந்தது. ஒரே கதைத்தலைவன் அங்கே ஆந்திரன். இங்கே மறங்கொண்ட கன்னடன்! இனப்பெயர் என்பது புட்டியின் மேல் ஒட்டும் தாளாகிவிட்டது. உள்ளே இருக்கும் நீர்மம் ஒன்றே.

2009-இல் ‘வீர மதகரி’ வந்தது. மதகரி நாயகன் சித்திரதுர்க்கக் கோட்டையின் கடைசி நாயகன். ஐதர் அலியை எதிர்த்துப் பொருது 1779-இல் வீழ்ந்தவன். அவன் பெயரைத் தாங்கிய அப்படமோ 2006-இல் வந்த ‘விக்ரமார்க்குடு’ என்னும் தெலுங்குப் படத்தின் மறுவார்ப்பு. 2011-இல் ‘கெம்பேகௌட’ வந்தது. கெம்பேகௌடன் 16-ஆம் நூற்றாண்டில் பெங்களூர் நகரை நிறுவியவன். அவன் பெயரால் வந்த அப்படம், 2010-இல் வந்த ‘சிங்கம்’ என்னும் தமிழ்ப் படத்தின் மறுவார்ப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக் காவல் அலுவலன் கதைக்கு பெங்களூரை நிறுவியோன் பெயர்! இவ்விரண்டையும் இயக்கி நடித்தவர் சுதீப்.

அந்தச் சுதீப்பைக் கன்னட மக்கள் ‘கிச்ச’ என்று அன்போடு அழைப்பர். அப்பெயர் 2001-இல் வந்த ‘உச்ச’ என்னும் படத்தின் கதைத்தலைவன் பெயர். அப்படம் பாலாவின் ‘சேது’வினுடைய (1999) மறுவார்ப்பு. ‘சேது’வில் நடித்த விக்ரமுக்குச் ‘சீயான்’ என்னும் பட்டப்பெயர் நிலைத்ததும் அக்கதையாலேயே. நடிகனின் செல்லப்பெயர் பிறந்த வகைகூட மறுவார்ப்பாயிற்று. சுதீப் திறமையற்றவர் என்று யாரும் சொல்லார். அவர் திறமை மறுக்கவொண்ணாதது. அத்தகைய திறமைக்கு ஏற்ற கதையை அவர் நாட்டிலேயே தேடிக்கொடுக்க ஆளில்லாமற் போயிற்றே என்பதுதான் வருத்தம்.

நாட்டு மறவர் பெயரை ஏட்டிலும் கல்வெட்டிலும் தேடி வைத்தது, பிறர் கதைக்குப் போர்த்தும் பொன்னாடையாக்கவா? மதகரி நாயகனின் மெய்க்கதை சித்திரதுர்க்கப் பாறைகளில் இருக்கிறது. அதை எடுக்கப் பொருள் வேண்டும், உழைப்பு வேண்டும், வரலாற்றறிவு வேண்டும். அவன் பெயரை எடுக்கவோ எதுவும் வேண்டா.

மறுப்புரைகளும் விடையும்

“மறுவார்ப்பாலும் கன்னட நடிகர்க்கும் ஒளியமைப்பாளர்க்கும் உரையாடல் எழுதுவோர்க்கும் வேலை கிடைத்ததன்றோ?” என வினவுவர். கிடைத்தது; மறுக்கவில்லை. குடும்பங்கள் பிழைத்ததை எளிதாக எண்ணுவோரும் அல்லேம். ஆனால் தன் கதையை எடுத்தாலும் அதே ஒளியமைப்பாளர் வேலை செய்வார். அதே நடிகர் நடிப்பார். அவர்களோடு கதை எழுதும் கன்னடன் ஒருவனும் சேர்ந்து உண்பான். மறுவார்ப்பு ஒருவனை மட்டும் வேலையிழக்கச் செய்கிறது. அவன் கதைசொல்லி. ஓர் இனத்துக்கு அவனைவிடத் தேவையானவன் எவன்?

“கன்னடச் சந்தை சிறிது, இடர் தாங்காது” என்பது இன்னொரு மறுப்பு. சந்தை இன்னும் சிறிதாக இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1970-இல் அனந்தமூர்த்தியின் புதினம் ‘சம்சுகார’ என்னும் படமாயிற்று. 1972-இல் த. இரா. சுப்பராவின் புதினங்களைக்கொண்டு புட்டண்ண கணகால் ‘நாகரகாவு’ எடுத்தார். சித்திரதுர்க்கக் கோட்டையும் பாறையும் அதில் கதைமாந்தர்போல் நின்றன. அதே ஆண்டில் ‘பங்காரத மனுசிய’ உழவனின் உழைப்பைப் போற்றி நெடுநாள் ஓடியது. அதற்கும் வேர் ஒரு கன்னடப் புதினமே. 1975-இல் சிவராம காரந்தரின் ‘சோமன துடி’ படமாகி, நிலம் கேட்டு நின்ற தாழ்த்தப்பட்ட உழவனின் துயரைப் பறையொலியாக முழக்கிற்று.

அந்நாளில் கன்னடம் கடன் கொடுக்கும் நிலையில் இருந்தது. ‘கசுதூரி நிவாச’ (1971) தமிழில் ‘அவன்தான் மனிதன்’ (1975) ஆயிற்று. ‘நாகரகாவு’ ‘இராசநாகம்’ (1974) ஆயிற்று. ‘சங்கர் குரு’ (1978) ‘திரிசூலம்’ (1979) ஆயிற்று. ‘பிரேமத காணிக்கெ’ (1976) ‘பொல்லாதவன்’ (1980) ஆயிற்று. ‘அனுராக அரளிது’ (1986) ‘மன்னன்’ (1992) ஆயிற்று. தமிழர் தம் திரைச்செல்வம் என எண்ணிக் களிக்கும் பல படங்களின் முதனூல் கன்னடத்தில் கிடக்கிறது. ஆகவே கன்னடர் நம்மிடம் கடன் வாங்கினர் என்று எள்ளுதற்குத் தமிழனுக்கு உரிமையில்லை.

புனித்தையே எடுத்துக்கொள்வோம். அவர் கதைத்தலைவராக முதன்முதல் நடித்த ‘அப்பு’ (2002) கன்னடத்தில்தான் முதலில் வந்தது. அதைத் தெலுங்கர் மறுவார்த்தனர். தமிழரும் ‘தம்’ (2003) என மறுவார்த்தனர். அதற்கும் கதை கொடுத்து இயக்கியவர் தெலுங்கரான பூரி செகந்நாதரே. மூன்று மொழிகளும் ஒரே குட்டையில் மாறிமாறி நீர் மொண்டன. ஊற்றுத் தோண்ட ஒருவரும் முன்வரவில்லை. இதைத் தெலுங்கன் குற்றம், கன்னடன் குற்றம், தமிழன் குற்றம் எனப் பிரித்துரைத்தல் தகாது. ஓடிய கதையையே ஓட்டுவோம் என்னும் வணிகச் சோம்பலின் குற்றம் இது.

மொழிமாற்றும் மறுவார்ப்பும்

இவ்விடத்தில் நம் அன்பர் சிலர்க்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. மறுவார்ப்பினும் மொழிமாற்று நேர்மையானது. மொழிமாற்றுப் படம், “இது தெலுங்கர் கதை, உன் மொழியில் கேள்” என்று ஒளிவின்றிச் சொல்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு நூல் செய்யும் தொண்டு அதுவே. மறுவார்ப்போ பிறன் பிள்ளைக்குத் தன் தலையெழுத்தையிட்டுத் தன் பிள்ளை என்கிறது.

முழுத்தடையின் தீமையைக் கன்னட மொழிப்பற்றாளர் தாமே பின்னர் உணர்ந்தனர். 2012-இல் ‘சத்தியமேவ செயதே’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி, பெண்சிசுக்கொலை முதலிய குமுகக் கேடுகளைப் பேசியது. தமிழிலும் தெலுங்கிலும் மொழிமாற்றப்பட்ட அது கன்னடத்தில் வரவில்லை. அறிவியல் நிகழ்ச்சியோ குழந்தைகளுக்கான படமோ எதுவாயினும் கன்னடக் குழந்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் காணவேண்டும் என்ற நிலை. தாய்மொழியைக் காக்கும் தடை, குழந்தையைத் தாய்மொழிக்கு வெளியே துரத்திற்று! ஆகவேதான் கன்னட நுகர்வோர் அமைப்பு ஒன்று இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டது. 2015-இல் ஆணையம் அத்தடை முறையற்றது எனத் தீர்ப்பளித்துக் கன்னடத் திரைப்பட வணிக அவைக்குத் தண்டமும் விதித்தது. 2017-இல் ‘என்னை அறிந்தால்’ என்னும் தமிழ்ப்படம் ‘சத்தியதேவ் ஐ.பி.எசு.’ என்னும் பெயரில் கன்னடக் குரலோடு, கடும் எதிர்ப்புக்கிடையே திரைக்கு வந்தது. 2019-இல் ‘விசுவாசம்’ ‘சகமல்ல’ எனக் கன்னடம் பேசிற்று.

கன்னடம் அழிந்துவிட்டதா? இல்லை. மொழிமாற்று வந்தால் மறுவார்ப்பின் விலை வீழும். மூலமே கன்னடத்தில் கிடைக்கையில் படிக்கு எவன் பணம் கொடுப்பான்? அப்போது படமுதலாளி தன் மண்ணில் கதை தேடியே ஆகவேண்டும்.

மண் தந்த விடை

அத்தேடல் தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்றுகள் உள. ‘திதி’ என்னும் படம் 2015-இல் சுவிட்சர்லாந்தின் இலொகார்னோ திரைவிழாவில் பரிசு பெற்றது. மண்டியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நடிப்பறியாத அவ்வூர் மக்களையே கொண்டு, அவ்வூர்ப் பேச்சிலேயே எடுத்த படம் அது. நூறாண்டு கடந்த கிழவன் ஒருவனின் சாவும் பதினோராம் நாள் சடங்குமே கதை. பெருநடிகர் இல்லை, அடிதடி இல்லை, இருந்தும் உலகம் பார்த்தது.

2022-இல் வந்த ‘காந்தாரா’வோ பெருவணிகப் படமே. காதல் உண்டு, அடிதடியும் நிரம்ப உண்டு. ஆனால் அது துளுநாட்டுப் பூதவழிபாட்டைக் கருவாகக் கொண்டது. காட்டுக்கும் அதில் வாழும் மக்களுக்கும் நிலவுடைமையாளர்க்கும் இடையேயுள்ள உரிமைப்போரைப் பேசிற்று. இயக்கி நடித்த இரிசப் செட்டி அக்கடற்கரை நாட்டவர். முதலில் கன்னடத்தில் மட்டும் வந்த அப்படத்தைப் பிறர் விரும்பிக் கேட்ட பின்னரே தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் மொழிமாற்றினர். ஒரு காலத்தில் மொழிமாற்றுக்கு அஞ்சி வேலி கட்டிய மொழி, இன்று மொழிமாற்றின் தோளேறிப் பிறர் நாட்டுக்குச் செல்கிறது! அஞ்சிய கருவியே ஊர்தியாயிற்று. அதைச் செய்தது சட்டமும் அன்று, தடையும் அன்று. பிறர் சொல்ல முடியாத ஒரு கதையைத் தன் மண்ணிலிருந்து எடுத்த துணிவே செய்தது.

இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஐந்து மொழிச் சந்தையையும் ஒருசேர வளைக்கலாம் என்று எந்த ஊருக்கும் உரியதல்லாத கதையைச் சமைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. மறுவார்ப்பு ஒரு நாட்டுக்கதையைப் பிற நாட்டுக்குப் பொய்யாக உரிமையாக்கிற்று. இதுவோ எந்த நாடும் இல்லாத கதையை எல்லா நாட்டுக்கும் விற்கிறது. இரண்டும் ஒரே நோயின் இருவேறு முகங்கள்.

நமக்குரிய பாடம்

கன்னடர் கதையைத் தமிழர்க்கு ஏன் சொல்கிறோம்? ‘அசய்’ வந்த அதே 2006-இல், தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. தமிழ்ப்படத்துக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் பெயர் மட்டும் தமிழாகி உள்ளே பிறர் சரக்கு இருப்பின், நாமும் மதகரி நாயகன் பெயரை ஒட்டியவர்களின் நிலையில்தான் நிற்போம். 2024-இல் ‘கில்லி’ மீண்டும் திரையிடப்பட்டபோது தமிழ் இளைஞர் திரையரங்குகளில் ஆடிப்பாடிக் கொண்டாடினர். மகிழட்டும், தடுக்கவில்லை. கொண்டாடிய அவ்விளைஞருள் எத்தனை பேர் அக்கதை எந்த மண்ணில் முளைத்தது என்று எண்ணிப்பார்த்தனர்?

மொழி என்பது சொற்குவியல் மட்டும் அன்று. அயற்சொல்லைக் களைவது முதற்பணி. அது முற்றுப்பணி அன்று. தூய தமிழில் அயலான் கனவைப் பேசுவோமாயின், தூய்மை யாருக்குப் பயன்படும்? சொல்லும் நமதாக வேண்டும். சொல்லப்படுவதும் நமதாக வேண்டும். பிறரிடமிருந்து கொள்ளவேண்டியதைக் கொள்ளும்போது, மொழிபெயர்ப்பு என்று வெளிப்படச் சொல்லிக் கொள்வோம். அல்லது பம்பனைப்போல் நம் காற்றையும் நீரையும் ஊட்டி நமதாக்கிக் கொள்வோம்.

படமெடுக்கும் இளைஞரீர்! கன்னடர் பட்டறிவு உங்கள் கண்முன் இருக்கிறது. அவர்கள் கட்டிய வேலியைக் குறைகூறாதீர். அது அவர்தம் தொழிலை ஒரு தலைமுறை காத்தது. ஆனால் வேலி விதையாகாது. உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையிலும் உப்பளத்திலும் நெசவுக்கூடத்திலும் சொல்லப்படாத கதைகள் கிடக்கின்றன. அவற்றைப் பிறர் வந்து உரிமைவிலை கேட்குமாறு எடுங்கள். உங்கள் மொழி மட்டும் அறிந்த சிற்றூர்த் தமிழனை முதற்பந்தியில் உட்காரவையுங்கள்!